செக்ரோலில் அவள் பெயர் மட்டும்

"1931 ஆகஸ்டு 28, வெள்ளி. பெரட்டில் என் பெயர் வாசிக்கவில்லை. அவள் பெயர் வாசித்தார்கள்."

என் நோட்டுப்புத்தகத்தில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. பென்சில் எழுத்து. கடைசிச் சொல்லில் முனை அழுந்தித் தாள் கிழிந்திருக்கிறது. மற்றதை நினைவிலிருந்து எழுதுகிறேன். நினைவும் நோட்டும் ஒத்துப்போகாத இடங்களில் நோட்டைத்தான் நம்பியிருக்கிறேன்.

மலாய் நாட்டில், குளுவாங்கிலிருந்து மாட்டுவண்டியில் போனால் அரை நாள் பிடிக்கும் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டம் அது. விடியும் முன்னே களத்தில் வரிசையாக நிற்போம். கணக்கெழுதும் கிராணி, செக்ரோல் என்ற பெரிய பதிவேட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராக வாசிப்பார். அதுதான் பெரட்டு. பெயர் வாசித்தால் அன்றைக்கு வேலை உண்டு, லயம் என்ற கூலி வரிசைவீட்டில் அறை உண்டு. வாசிக்காவிட்டால் இரண்டும் இல்லை.

கித்தா விலை விழுந்ததைப் பற்றி நான் மாதக்கணக்காகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஊரில் நாலாம் வகுப்பு வரை போனவன். கடையில் சாமான் கட்டித் தரும் பத்திரிகைத் தாளைக்கூட விடமாட்டேன். லயத்து ஆட்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன். லண்டனில் விழுந்த விலை என் பெயர் மேல் விழும் என்று ஏனோ தோன்றவில்லை.

பெரட்டு கலைந்ததும் கங்காணியிடம் போனேன்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இருக்குற வீட்டுல ஒரு பேருதான் நிக்கணுமாம். தொர உத்தரவு," என்றார்.

"அதுக்கு ஆம்பள பேரையா எடுப்பாங்க?"

"உன் மரத்தப் போய்ப் பாருடா. பூராவும் காயமா வச்சிருக்க. அவ வெட்டுன மரம் கண்ணாடி மாதிரி இருக்கு. பொம்பளக்கிக் கூலியும் கொறச்சல். நீ தொரயா இருந்தா யார நிறுத்துவ?"

அவர் சொன்னது உண்மை. பால்மரம் வெட்டுவதென்றால் பட்டையைக் காசு கனத்துக்குச் சீவுவது. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டால் அங்கே மரத்துக்குக் காயம். பிறகு அந்த இடத்தில் நல்ல பட்டை வளராது. எனக்குக் கோபம் கையில் இருந்தது. அவளுக்குக் கோபம் வாயோடு போய்விடும், கை பதறாது.

"ஊருக்குப் போறதுன்னா சொல்லு. ஓசிக் கப்பல்ல ஏத்தி விடுறாங்க. இல்லன்னா அவ பேருல லயத்துல கெட. அவ பேரும் போச்சுன்னா ரெண்டு பேரும் கப்பல்தான்," என்றார் கங்காணி.

எங்களால் கப்பல் ஏற முடியாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1926 வைகாசியில் அவளை நான் அவள் வீட்டாருக்குத் தெரியாமல் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர்கள் வேறு சாதி. ஊர் எல்லையில் அவளுடைய பெரிய அண்ணன் பிடித்துவிட்டான். அரிவாள் என் இடது காதுக்குக் கீழே இறங்கித் தோள்பட்டையில் நின்றது. அவள் அவன் முகத்தில் மண்ணை வாரி வீசி, கல்லால் அவன் மண்டையை உடைத்துத்தான் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். 1929 ஜனவரியில் என் அக்காள் புருஷன் ஒரு கடிதம் போட்டார். கப்பல் வரும் நாளெல்லாம் அண்ணன்மாரில் ஒருவன் நாகப்பட்டினம் துறைக்குப் போய், இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு வருகிறானாம். அரிவாளுக்கு எண்ணெய் போட்டு உத்திரத்தில் செருகி வைத்திருக்கிறார்களாம். அந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "கல்லு இன்னும் கொஞ்சம் பெரிசா எடுத்திருக்கணும்" என்றாள்.

ஆக, செக்ரோலில் அவள் பெயர் இருக்கும் வரைதான் எங்கள் இரண்டு உயிரும்.

ஒரு ஆள் கூலியில் இரண்டு பேர் பிழைப்பதை அவள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். எனக்குத்தான் மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை பெண்டாட்டி சம்பளத்தைப் புருஷன்தான் போய் வாங்குவது தோட்டத்து வழக்கம். செக்ரோலில் இல்லாதவன் சம்பள வரிசையில் நிற்கக்கூடாது என்று கிராணி சொல்லிவிட்டார். முதல் சம்பள நாளில் அவளே போய் நின்றாள். கைநாட்டு வைத்து வாங்கிய காசை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் கையை நீட்டினேன்.

"எதுக்கு?" என்றாள்.

"வச்சுக்குறதுக்கு."

"அரிசியும் கருவாடும் நான் வாங்குறேன். ரெண்டு வயித்துக்கு ஒரு கூலி. கள்ளுக்குன்னு மூணாவது வயிறு கெடையாது."

அவள் காட்டுக்குப் போன பிறகு நான் சமைத்தேன். லயத்துக்குப் பின்னால் மரவள்ளி ஊன்றினேன். ஓடையில் கூடை போட்டு மீன் பிடித்தேன். குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பக்கத்து அறைக்காரன் விடமாட்டான். "என்னண்ணே, இன்னிக்கி மதினிக்கு ரசமா கொழம்பா? அப்படியே எங்க வீட்டுலயும் வந்து ஒரு கை ஒலை போட்டுட்டுப் போறது!" பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

நோட்டில் அந்த மாதங்களுக்குரிய குறிப்புகள் குட்டையானவை. "செப்டம்பர் 20. அடித்தேன்." "அக்டோபர் 4. அடித்தேன். அவளும்." "அக்டோபர் 25. குழம்பில் உப்பு இல்லை என்றாள். அடித்தேன்." எந்த நாளிலும் காரணம் என்று ஒன்றை முழுதாக எழுதவில்லை. இப்போது எழுத உட்கார்ந்தாலும், உப்பைத் தவிர வேறெதுவும் அகப்படவில்லை.

நவம்பர் 22, ஞாயிறு. பிற்பகல் கள்ளுக்கடைப் பக்கம் போனேன். கையில் காசில்லை. பக்கத்து அறைக்காரன் கூப்பிட்டு ஒரு பீங்கான் மங்கு நிறையக் கள் வாங்கிக் கொடுத்தான். நான் பாதி குடித்த பிறகுதான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"குடிங்கண்ணே, கூச்சப்படாதீங்க. மதினி கங்காணிகிட்ட நல்லா வேல பாக்குது. பேரு சும்மாவா நிக்கும்?"

மங்கு அவன் வாயில் உடைந்தது. முன்பல் இரண்டு போயின. அவன் என் காதைக் கடித்துப் பிடித்துக்கொண்டு தொங்கினான். கடைக்காரன் இரண்டு பேரையும் விறகால் அடித்துச் சேற்றில் தள்ளினான். காது வழியே ரத்தம் சட்டையை நனைக்க வீட்டுக்கு வந்தேன்.

அவள் அடுப்படியில் கஞ்சி இறக்கிக்கொண்டிருந்தாள். கள் நாற்றம் அவளுக்கு முதலில் பட்டது, ரத்தம் அப்புறம்தான்.

"யாரு காசு?" என்றாள்.

அவன் சொன்னதை நான் அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் மறுப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் சிரித்தாள்.

"அவன் சொன்னதுக்கு அவன் பல்ல ஒடச்சுட்டு வந்துட்ட. அத இங்க தூக்கிட்டு வந்து எங்கிட்ட கேக்குறியே, ஒனக்கு எத ஒடைக்கிறது?"

அடுப்பிலிருந்து பாதி எரிந்த கட்டையை உருவினேன். தலைக்கு ஓங்கியது. அவள் வலது கையைத் தூக்கித் தடுத்தாள். மணிக்கட்டில் விழுந்தது. பச்சைக் குச்சி முறிகிறது போல ஒரு சத்தம். அவள் கத்தவில்லை. இடது கையால் கஞ்சிப் பானையைக் கவிழ்த்தாள். கொதிக்கிற கஞ்சி என் இரண்டு பாதத்திலும் கொட்டியது. நான்தான் கத்தினேன். லயம் முழுவதும் வாசலில் வந்து நின்றது.

கூட்டம் போன பிறகு கையைப் பார்த்தோம். கண்ணெதிரே வீங்கியது. விரல்களை மடக்கச் சொன்னேன். மடங்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில்தான் அதைப் புரிந்துகொண்டோம்: அது கத்தி பிடிக்கிற கை.

"நாளைக்கிப் பெரட்டுல என்னா சொல்றது?" என்றேன்.

"சொன்னா மூணு நாளு பாப்பாங்க. அப்பறம் பேர அடிச்சுருவாங்க." கத்தியை இடது கையால் என் பக்கம் தள்ளிவிட்டு, "நீ வெட்டு" என்றாள்.

திங்கள் காலை கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு களத்தில் நின்று பெயருக்கு ஆஜர் சொன்னாள். கத்தியை இடுப்பில் செருகி, காண்டாவை இடது தோளில் போட்டுக்கொண்டு போனாள். காண்டா என்பது இரண்டு முனையிலும் பால்வாளி தொங்கவிடும் கம்பு. அவளுடைய மரங்கள் தோட்டத்தின் எல்லையில் இருந்தன. அதற்கு அப்பால் ஆளுயர லாலான் புல், தாண்டினால் சதுப்பு. வெந்த பாதத்தில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நான் புல்லுக்குள்ளேயே நடந்து அங்கே போய்ச் சேர்ந்தேன்.

முதல் மரத்திலேயே கட்டையைத் தொட்டுவிட்டேன். முதுகில் சுளீரென்று விழுந்தது. வாளிகளைக் கழற்றி வைத்துவிட்டு அவள் காண்டாவைக் கையில் வைத்திருந்தாள்.

"மரம் என்ன ஒன் மச்சானா? கொத்துற!"

"மழையில பட்ட வழுக்குது புள்ள."

"எனக்கு வழுக்குமா? கைய லேசா விடு. இழு. இழுத்துக்கிட்டே வா."

ஒவ்வொரு காயத்துக்கும் ஓர் அடி. கணக்குத் தவறாமல் அடித்தாள். ஒரு மரத்தில் இரண்டு காயம் வைத்தபோது இரண்டு அடி. திரும்பி அவள் கழுத்தைப் பிடிக்கலாம் என்று தோன்றியது உண்மை. கையில் கூரான கத்தி வேறு இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். "செய்யி" என்றாள். "அப்பறம் கப்பல்ல தனியா போ. எங்கண்ணன் வந்து கூட்டிக்கிட்டுப் போவான்." நான் அடுத்த மரத்துக்குப் போனேன்.

பால் இறங்கியதும் மரத்தில் கட்டிய மங்குகளிலிருந்து நான் வாளியில் ஊற்றுவேன். அவள் தூக்கிக்கொண்டு போய் நிறுவைக்கு வைப்பாள். புதன்கிழமை மழை, வெட்டு இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு வரிசை முழுவதும் ஒரு காயம்கூட வைக்காமல் முடித்தேன். அவள் காண்டாவைக் கீழே போட்டாள்.

நவம்பர் 28, சனி. நான் எல்லைப்பக்கத்து மூன்றாவது மரத்தில் இருந்தபோது கங்காணியின் இருமல் கேட்டது. கத்தியோடு லாலானுக்குள் படுத்துக்கொண்டேன். பத்தடி தூரம்கூட இருக்காது.

அவர் பிரம்பால் ஒவ்வொரு மரத்தின் வெட்டையும் தட்டிக்கொண்டே வந்தார். "வர்ற வியாழக்கெழம தொர மரம் பாக்க வர்றாரு. ஒம்மரத்துல என்னாடி இவ்வளவு காயம்?"

"மழை ஐயா. கத்தி வழுக்குது."

"அஞ்சு வருஷமா மழையே பெய்யலியா? இது ஒங்கை இல்ல. யாரு வெட்டுனது?"

"நாந்தான்."

"கையக் காட்டு."

இடது கையை நீட்டினாள். அவர் முந்தானையை விலக்கி வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருகினார். அந்த வாரம் முழுவதும் கத்தாதவள் அப்போது கத்தினாள். மறுபடியும் திருகினார். "சொல்லு. யாரு?"

நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை. கத்தி கையில் இருந்தது. அவர் முதுகு எனக்குத் தெரிந்தது. பிடரிக்கும் சட்டைக் கழுத்துக்கும் நடுவே ஓர் இடம். நான் அந்த இடத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டு போனேன். அவரைக் குத்தினால் எனக்குத் தூக்கு, அவளுக்குக் கப்பல் என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை.

அவள்தான் என்னை முதலில் பார்த்தாள். பிடியை உதறிக்கொண்டு, மரத்தில் சாய்த்திருந்த காண்டாவை இடது கையால் எடுத்து வீசினாள். முதல் அடி என் முழங்காலில். நான் விழுந்ததும் இரண்டாவது நெற்றியில். கத்தி எங்கேயோ போய் விழுந்தது.

"திருட்டு நாயே! நான் திங்கிற சோத்துல மண்ணள்ளிப் போடவா வந்த? ஐயா, இவன்தான்! பேரு எடுத்த வயித்தெரிச்சல்ல யாருக்கும் தெரியாம வந்து எம்மரத்தக் குத்திட்டுப் போறான். எங்கைய ஒடிச்சதும் இவன்தான்!"

அடித்துக்கொண்டே சொன்னாள். அவள் அன்று கங்காணியிடம் சொன்னவற்றில் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை.

கங்காணி சிரிக்கத் தொடங்கினார். "பத்தும்டி, செத்துறப் போறான்."

வேலை முடிந்ததும் களத்தில், எல்லோரும் பார்க்க, என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். பல் போன பக்கத்து அறைக்காரன் என் கால்களைப் பிடித்துக்கொள்ள முன்வந்தான். வெந்த பாதத்தில்தான் பிடித்தான். கங்காணி குனிந்து என் காதில் சொன்னார்: "ஒன்னத் தொரகிட்ட கொண்டுபோனா விசாரண வரும். அவ பேரும் போவும். ஒவ்வொரு பேருக்கும் எனக்குத் தலைக்காசு உண்டுடா. அதனால இங்கயே முடிச்சுக்குறேன்." பிரம்படி பன்னிரண்டு என்று தீர்ப்பு. ஒன்பது வரை எண்ணினேன். பன்னிரண்டு முடிந்திருக்க வேண்டும். அவர் கேட்டது காதில் விழுந்தது:

"போதுமாடி?"

"இன்னும் ரெண்டு போடுங்க" என்றாள்.

அந்த இரண்டும் கங்காணி நம்புவதற்காகவா, அவளுக்காகவா என்று நான் கேட்டதில்லை. மாலையில் முதுகுக்கு மஞ்சள் அரைத்துப் போட்டவளும் அவள்தான். இடது கையால் அரைத்ததால் திப்பிதிப்பியாக இருந்தது. "இந்தப் பக்கம் திரும்பு" என்றாள்.

கை ஆறும் வரை அவளை, பால் சேர்க்கும் ஸ்டோரில், உறைந்த கட்டிப்பாலில் ஒட்டிய பட்டைத்தூள் பொறுக்கப் போட்டார் கங்காணி. ஒற்றைக் கையால் செய்கிற வேலை. பெயர் செக்ரோலில் இருந்தது. ஆனால் வியாழக்கிழமை பாக்கி இருந்தது. அந்தக் காயங்களைத் துரை பார்த்தால் எந்தக் கதையும் நிற்காது. காயம் வைத்த மரம் யார் பொறுப்போ அவர் பெயரை அடிப்பார், என் பெயரை அடித்தது போல.

டிசம்பர் 3, வியாழன். விடிந்ததும் நான் லாலானுக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். முதுகில் எறும்பு ஏறியது, அசையவில்லை. துரை வந்தார். பின்னால் கங்காணி. முதல் மரத்தில் நின்று கைத்தடியால் வெட்டைத் தொட்டார். அப்போதுதான் நான் கவனித்தேன். காயம் இருந்த இடமெல்லாம் கறுப்பாக இருந்தது. மழைக்காலத்தில் வெட்டுப்பட்டையில் பூஞ்சை பிடித்தால் பூசுகிற கறுப்பு மருந்து. அடுத்த மரத்திலும் அப்படியே. வரிசை முழுவதும். பூஞ்சைக்குப் பூசியதற்கும் காயத்தை மறைத்ததற்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது.

"அப்பா இனி?" என்று மலாயில் கேட்டார் துரை. இது என்ன?

"சாக்கிட், துவான்," என்றார் கங்காணி. நோய், ஐயா.

துரை தலையை அசைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். நான் முகத்தைப் புல்லில் அழுத்திக்கொண்டு கிடந்தேன்.

அவள் மணிக்கட்டு தை பிறந்தபின் மடங்கியது; கோணலாகத்தான் கூடியது. அந்தக் கையோடு அவள் வெட்டினாள், நான் சமைத்தேன். குழாயடிக்கும் போனேன். பக்கத்து அறைக்காரன் பல்லில்லாமல் கேலி செய்வது யாருக்கும் சரியாகப் புரியவில்லை. 1931 நவம்பர் 22க்குப் பிறகு "அடித்தேன்" என்ற சொல் நோட்டில் வரவில்லை. "அடித்தாள்" இரண்டு இடத்தில் இருக்கிறது. 1934 மார்ச் 5, திங்கள், பெரட்டில் என் பெயரையும் மறுபடி வாசித்தார்கள்.

மருந்து பூசியது யார் என்பதை மட்டும் என்னால் நிச்சயப்படுத்த முடியவில்லை. மருந்து டின் ஸ்டோரில் இருந்தது. சாவி கங்காணியிடம், அவருக்குத் தலைக்காசுக் கவலை இருந்தது, துரை வரும் நாளும் தெரியும். ஆனால் திங்கள் முதல் புதன் வரை அவளும் அதே ஸ்டோரில்தான் வேலை செய்தாள். அவளைக் கேட்டேன். "நான் இல்ல. எனக்கு ஒரு கைதான இருந்துச்சு," என்றாள். கங்காணியை இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் என்னை ஏசித் துரத்தினார். 1937இல் அவர் ஊருக்குப் போய்விட்டார். விலாசம் தெரியவில்லை. அந்த வியாழக்கிழமை அவளுடைய இடது கை விரல்களில் கறுப்பு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை, நோட்டிலும் குறிப்பில்லை. எனவே இது சரிபார்க்கப்படாத செய்தி என்றே இங்கே எழுதி வைக்கிறேன்.